பத்து டிகிரியும் இரண்டு ஐஸ் பையும்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்குத் தெருவில் வைத்த பெயர் ஐஸ் மாமா. ஐஸ் விற்பவர் என்று நம்பி வாசலில் வந்து நின்ற குழந்தைகளும் உண்டு. இறந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன இதயத்தையும் நுரையீரலையும் ஐஸ் பெட்டியில் வைத்து, பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொண்டுபோகிறவர். அதைச் சொல்லாமல் அவரால் கால்கிலோ வெங்காயம்கூட வாங்க முடியாது.

அவருக்கும் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கும் ஏழாம் பொருத்தம்.

"விடிஞ்சா போதும், கடகடன்னு ஆரம்பிச்சிடுவாங்க! மனுஷன் தூங்க வேணாமா?" என்று இவர் மாடிப்படியில் நின்று கத்துவார்.

"தூங்குறதுக்கா ஆம்புலன்ஸ் ஓட்டுறீங்க?" என்று அவர் மிஷினை இன்னும் வேகமாக மிதிப்பார்.

போன வருஷம் அந்த மிஷின் நின்றுபோனது. தையல்காரம்மாவின் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போய், ஊசியில் நூல் கோத்தாலே மூச்சு வாங்கியது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன். மாமா நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டுமா இல்லையா? மனிதர் விடிந்தும் விடியாமலும் எழுந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொள்கிறார் என்று அவர் மனைவியே பால் வாங்குமிடத்தில் போட்டு உடைத்தார். "சத்தம் இல்லாம தூக்கம் வரலையாம். இதை எங்க போய்ச் சொல்றது!"

அன்று காலை தையல்காரம்மா பையோடு காரில் ஏறியதைத் தெருவே பார்த்தது. "நுரையீரல்... கிடைச்சிருக்காம்... கூப்பிட்டாங்க" என்று விட்டுவிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அதே நேரம் மாமா இன்னொரு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. மனைவி போனில் சொல்லிவிட்டார். மனைவிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், பால் வாங்குமிடம் எதற்கு இருக்கிறது?

எப்போதும்போல மாமா பெட்டியைத் தொட்டு, "யாரு பெத்த புள்ளையோ" என்று ஒருமுறை சொல்லிக்கொண்டார். பிறகுதான் கவனித்தார். இது பழைய பெட்டி இல்லை.

"தங்கச்சி, ஐஸ் எங்க?"

நுரையீரலைக் காவல் காக்கும் டெக்னீஷியன் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கெடுபிடி என்று பெயர். "ஐஸ் கிடையாதுண்ணே. இந்தப் பெட்டி தானே பத்து டிகிரியில வச்சுக்கும்."

"பத்தா! எங்க வீட்டு ஃப்ரிட்ஜே இதைவிட ஜில்லுன்னு இருக்கும்."

"ரொம்பக் குளிர்ந்தா நுரையீரல் மரத்துப்போயிடும். பத்துல வச்சா தூங்குற மாதிரி இருக்கும், கூட நேரம் தாங்கும். வண்டியைப் பாத்து ஓட்டுங்க."

உள்ளே அது பாதி காற்றோடு, மூச்சுக்குழாய் அடைக்கப்பட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பைகளுக்குள் இருந்தது. வேகத்தடைகளில் மாமா, தூளிக் குழந்தையை எழுப்பிவிடாத தாயைப்போல வண்டியை ஏற்றி இறக்கினார்.

தையல்காரம்மா இருந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து. அறுவை அரங்கில் வேறொரு அவசர கேஸ். இரண்டு மணிக்குத்தான் இடம் என்றார்கள். பழைய ஐஸ் பெட்டியாக இருந்தால் எல்லோரும் தலைதெறிக்க ஓடியிருப்பார்கள். இப்போது யாரும் ஓடவில்லை. அதுதான் மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு கையெழுத்து போட்டுட்டு வந்துடறேன். தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கெடுபிடி நகர்ந்தாள்.

பெட்டித் திரையில் பத்து. மாமாவுக்குக் கை பரபரத்தது. நாலு மணி நேரம், பத்து டிகிரி, உள்ளே தையல்காரம்மாவின் மூச்சு. பழக்கம் யாரை விட்டது? பக்கத்து அறை ஃப்ரீஸரிலிருந்து இரண்டு ஐஸ் பைகளை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, போர்வை போர்த்துவதுபோல மேலே வைத்து மூடினார்.

ஒன்பது. எட்டு. மனம் குளிர்ந்தது. ஏழு. அப்போதுதான் "மரத்துப்போயிடும்" என்றது ஞாபகம் வந்தது. பதறி வெளியே எடுத்தார். எண் மெல்ல ஏறத் தொடங்கியது. கெடுபிடி வந்தபோது ஒன்பது.

"என்னண்ணே, குறைஞ்சிருக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்த நுரையீரலைத் தையல்காரம்மாவுக்குள் வைத்துத் தைக்கப் போகிறார்கள். மாமா முதுகுக்குப் பின்னால் இருந்த ஐஸ் பைகளை முன்னால் நீட்டினார். "நான்தான் வச்சேன்" என்றார்.

கெடுபிடி திட்டக்கூட இல்லை. அறுவை டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் பெட்டி பதிந்திருந்த கணக்கைப் பார்த்தார், நுரையீரல் இருந்த பையைத் தொட்டுப் பார்த்தார். மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏழுக்குக் கீழ போகலை. பதினோரு நிமிஷம்தான், ஒண்ணும் ஆகலை" என்றார் டாக்டர். "பதினெட்டு வருஷமா ஐஸ்லதானே கொண்டுவந்தீங்க? நல்லவேளை, மறைக்காம சொன்னீங்க. தெரியாம இருந்திருந்தா பெட்டி கெட்டுப்போச்சோன்னு குழம்பியிருப்போம்."

கெடுபிடி ஒரு நாற்காலியைக் காட்டினாள். "அதுல உக்காருங்க. ரெண்டு கையையும் தொடைக்கடியில வச்சுக்கோங்க. ரெண்டு மணி வரைக்கும் எடுக்கக் கூடாது."

மாமா அப்படியே உட்கார்ந்திருந்தார். டீ வந்தபோது அவளே தம்ளரை அவர் வாயருகே பிடித்தாள். சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டாள்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை. கட... கட... கடகடகட. தெரு முழுக்க ஜன்னல் திறந்தது. மாமா பனியனோடு மாடிப்படிக்கு ஓடிவந்தார்.

"விடிஞ்சா போதும்! மனுஷன் தூங்க வேணாமா?"

"தூங்குறதுக்கா ஆம்புலன்ஸ் ஓட்டுறீங்க? போய் வேலையைப் பாருங்க, வந்துட்டாரு காலங்காத்தால!"

அத்தனையும் ஒரே மூச்சில்.

மாமா படியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, மிஷின் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.