பிளாஸ்டிக் போர்த்திய சேணம்

பூட்ஸ் உள்ளே போக மாட்டேன் என்றது.

காளியப்பன் தம்பியின் வலது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்கு மாட்டுவதுபோல அழுத்திக்கொண்டிருந்தார். பெட்டியில் படுத்திருந்த ஜெயபாலன் ஒத்துழைக்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் அண்ணன் சொன்னதற்கெல்லாம் ஒத்துழைத்தவர் இல்லை அவர்.

"ஐயா, கால் கட்டவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டணும். பூட்ஸ மாட்டிட்டா நான் எதக் கட்டுறது?" என்றார் சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரம். வெள்ளைத் துணிக் கிழிசலைக் கையில் வைத்துக்கொண்டு கால்மணி நேரமாக நிற்கிறார் பாவம்.

"பூட்ஸோட சேத்துக் கட்டுங்க லா."

"சாங்கியத்துல அப்படி இல்லைங்க."

"சாங்கியம் சொன்னவன் குதிரை ஓட்டிருக்கானா? என் தம்பி ஓட்டிருக்கான்!"

வீட்டிலிருந்த அத்தனை தலையும் சந்திரமதியின் பக்கம் திரும்பின. நேற்றுக் காலைதான் விதவையானவள். அழுது ஓய்ந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் நிதானமாகச் சொன்னாள்:

"வெரலக் கட்டிடுங்க. பூட்ஸ காலடியில வைங்க. அங்க போயி அவரே போட்டுக்குவாரு."

பண்டாரத்துக்கு உயிர் வந்தது. காளியப்பன் மட்டும் பூட்ஸைக் கீழே வைக்காமல் திருப்பி, அடிப்பாகத்தை எல்லாருக்கும் காட்டினார். "பாருங்க, எப்படித் தேஞ்சிருக்குன்னு! எத்தன மைல் சவாரி போயிருப்பான்!" மாசாயிலிருந்து அவரோடு வேனில் வந்திருந்த கோவில் கமிட்டிக்காரர்கள் பூட்ஸை ஒருவர் கைக்கு ஒருவர் மாற்றி மரியாதையோடு பார்த்தார்கள்.

சந்திரமதி மின்விசிறியைப் பார்த்தாள்.

அந்த பூட்ஸ் தேய்ந்தது லாயத்தில் லத்தி அள்ளித்தான். ஜெயபாலன் தன் அறுபத்தாறு வருஷத்தில் ஒருநாள், ஒரு நிமிஷம், ஒரு குதிரையின் முதுகில் உட்கார்ந்தவர் இல்லை. இந்தச் சங்கதி உலகத்திலேயே மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பெட்டிக்குள் இருக்கிறார். இன்னொருத்தி இவள். மூன்றாவது ஆள், குதிரைப் பண்ணைக்காரர் மீரா சாகிபு. அவர் இன்னும் வந்து சேரவில்லை. வரப்போகிறாரே என்றுதான் அவள் வாசலைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினாள்.

ஏனென்றால் பாய் ஹஜ்ஜுக்குப் போய்வந்த நாளிலிருந்து பொய் பேசுவதில்லை. பத்து பாகாட் டவுனில் இருந்த அவருடைய சாப்பாட்டுக் கடையில் "இது நேத்து வெச்ச கறியா?" என்று யாராவது கேட்டால், "முந்தாநாள் வெச்சது" என்று சொல்லிவிடுவார். பிள்ளைகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அத்தாவுக்குக் குதிரை என்றால் ஆசையாயிற்றே என்று ஆயர் ஈத்தாம் பக்கம் இந்தப் பண்ணையைப் போட்டுக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு.

அந்தப் பண்ணையைச் சுற்றி ஒரு விசித்திரமான கம்பம், ஒரு குட்டிக் கிராமம், முளைத்திருந்தது. சனி ஞாயிறானால் அகலத் தொப்பியும் தோல் பூட்ஸும் போட்டுக்கொண்டு நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். காலி எண்ணெய் டிரம்களைச் சுற்றிச் சுற்றிக் குதிரையை விரட்டுவார்கள், ஓடுகிற கன்றுக்குட்டிக்குக் கயிறு வீசுவார்கள், புழுதியில் விழுந்து எழுந்து மீ கோரெங் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பாசிர் கூடாங் கெமிக்கல் பாக்டரியில் முப்பத்து நாலு வருஷம் ஷிப்டு பார்த்த ஜெயபாலன், ஒருமுறை உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகிற வழியில் இதைப் பார்த்துவிட்டார். கல்யாணத்துக்குப் போய்ச் சேரவில்லை. "ரிட்டையர் ஆனா இங்கதான் மதி" என்றார். சொன்னபடி பண்ணை வேலிக்கு ஒட்டினாற்போல இந்தப் பலகை வீட்டுக்குக் குடிவந்துவிட்டார். அடுக்களை ஜன்னலைத் திறந்தால் வேலி, அதற்கப்பால் லாயம்.

மகன் காளிதாஸ் அப்போது சிங்கப்பூரிலிருந்து போனில் கத்தினான். "இந்த வயசுல குதிரையா? விழுந்து இடுப்பு ஒடஞ்சா யாருப்பா பாக்குறது?"

"நீ பாக்க வேணாம்" என்றார் அப்பா. அதோடு எட்டு மாதம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

குடிவந்த மறுநாளே ஜெயபாலன் புதுத் தொப்பி, புது பூட்ஸ், ஆசை ஆசையாக வாங்கிய புதுச் சேணம், எல்லாம் தயார் செய்துகொண்டு லாயத்துக்குப் போனார். அங்கே எல்லாரும் சேணத்தைச் சேடல் என்பார்கள். பண்ணையிலேயே வயதான, சாதுவான பெட்டைக் குதிரை மெலூரைப் பாய் கொண்டுவந்து நிறுத்தினார். ஜெயபாலன் ஒரு காலை அங்கவடி வளையத்தில் வைத்தார். வைத்த கால் கிடுகிடுவென்று ஆடியது. இறக்கிவிட்டார். மறுபடி வைத்தார், மறுபடி ஆடியது. மூன்றாம் தடவை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாக்டரியில அவ்ளோ ஒசரமான டாங்கி மேலல்லாம் ஏறுனீங்களே?" என்று சந்திரமதி கேட்டாள்.

"அது ஏணி. ஏணி மூச்சு விடாது மதி. இது விடுது."

அன்றைக்கே சேணத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு லாயத்துச் சுவரில் மாட்டினார். வாரம் ஒருதரம் எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து மறுபடி உறையில் போட்டுவிடுவார். மெலூருக்குத் தண்ணீர் வைத்தார், உடம்பு தேய்த்துவிட்டார், லத்தி அள்ளினார். சந்தோஷமாகவே இருந்தார், அதில் குறையொன்றும் இல்லை.

படம்தான் வினை. ஒருநாள் மெலூரின் அந்தப் பக்கம் ஓர் எண்ணெய் டிரம்மின் மேல் ஏறி நின்றுகொண்டு, "மதி, இடுப்புக்கு மேல மட்டும் எடு" என்றார். குதிரையின் அகலமான முதுகு டிரம்மை மறைத்துவிட்டது. பார்த்தால் சவாரி செய்கிற மாதிரியே இருந்தது. விளையாட்டாகக் குடும்ப வாட்சாப்பில் போட்டார். பத்தாவது நிமிஷம் போன் அடித்தது. எட்டு மாதம் பேசாத மகன்.

"அப்பா! நெஜமாவே ஓட்டுறீங்களா?"

ஜெயபாலன் மனைவியைப் பார்த்தார். "பின்ன?" என்றார்.

குதிரையில் ஏறத் தெரியாதவருக்கு அந்தப் 'பின்ன'விலிருந்து இறங்கவும் தெரியவில்லை. அதன்பிறகு ஞாயிறு தவறாமல் மகன் கூப்பிட்டான், பண்ணையில் ஆளில்லாத வெள்ளி தவறாமல் டிரம் உருண்டது. படம் எடுத்தவள் சந்திரமதி. "கொஞ்சம் முன்னால சாயுங்க, வேகமாப் போற மாதிரி" என்று யோசனை சொன்னவளும் அவள்தான். இப்போது வாசலில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருக்கும் காளிதாஸின் போனைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தப் படம். ஆபீசில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறானாம்.

இன்று ஒருநாள். இந்த ஒருநாள் மட்டும் விஷயம் உடையாமல் அவரை அனுப்பிவிட்டால் போதும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தபோதே, வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. மீரா சாகிபு மெலூரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நேத்துக் காலையில அவர் இது பக்கத்துல வாளிய கவுத்துப் போட்டு உக்காந்தவரு, அப்படியே போய்ட்டாரு. இதுவும் ஒருதரம் பாக்கட்டும்னு கூட்டியாந்தேன் தங்கச்சி" என்றார். பிறகு வாசலில் கிடந்த உறுமி மேளங்களைப் பார்த்துத் திடுக்கிட்டார். "இத அடிக்கப் போறாங்களா? கெழட்டுக் குதிரைம்மா, மெரண்டுடும். பஞ்சு இருக்கா?"

ஜெயபாலனின் மூக்கில் வைத்தது போக மீதிப் பஞ்சு இருந்தது. பண்டாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். பாய் அதை உருட்டி மெலூரின் இரண்டு காதிலும் அடைத்தார்.

காளியப்பன் விடுவாரா? "பாய்! நீங்கதான் கூடவே இருந்து பாத்தவங்க. சொல்லுங்க, என் தம்பி எப்படி ஓட்டுவான்?"

சந்திரமதி கோப்பியோடு பாய்ந்தாள். "பாய், கோப்பி ஆறிடும்."

"குடிப்பாரும்மா. சொல்லுங்க பாய்."

"பாய், சீனி போதுமா பாருங்க."

"ஏம்மா மதி, மனுசன பேச வுடு!"

கூட்டம் அடங்கியது. காளிதாஸும் கிட்டே வந்து நின்றான். மீரா சாகிபு பெட்டியைப் பார்த்தார், சந்திரமதியைப் பார்த்தார். தாடியைத் தடவினார்.

"அவரு வந்த நாள்லேந்து," என்றார் பாய் மெதுவாக, "இந்தக் குதிரை மேல ஒரு பிரம்படி விழுந்ததில்ல."

"கேட்டீங்களா!" காளியப்பன் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "அடிக்காமயே ஓட்டிருக்கான்! அந்தச் சேணத்த எடுத்தாங்க. அத மாட்டி, குதிரைய வேனுக்கு முன்னால வுடுவோம். ஆளில்லாத சேணம் போகட்டும், எல்லாரும் பாக்கட்டும்!"

பிளாஸ்டிக் உறையும், கடைக்காரன் தொங்கவிட்ட அட்டையும் அப்படியே இருக்கிற சேணம் சந்திரமதியின் கண்முன் ஆடியது.

"வேணாம் மாமா," என்றாள். வாயில் வந்ததைச் சொன்னாள். "அவர் உக்காராத சேணத்த என்னால பாக்க முடியாது."

சுற்றியிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள். காளியப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாய் மட்டும் கோப்பியைப் பார்த்து இருமினார்.

உறுமி முழங்கியது. மெலூர் காதில் பஞ்சோடு, யாருக்கோ நடக்கிற கல்யாணம் என்பதுபோல வேனுக்கு முன்னால் நடந்தது. முச்சந்தியில் ஒருகணம் நின்று, தாராளமாக லத்தி போட்டது. "மரியாத செய்யுது பாருங்க" என்றார் காளியப்பன்.

முச்சந்தியிலிருந்து வேன்கள் மின்சுடலைக்குக் கிளம்பும்போது காளிதாஸ் அம்மாவின் அருகே வந்தான். கண் சிவந்திருந்தது. "அம்மா, ஒன்னு கேக்கவா? அப்பாவோட சேடல நான் எடுத்துக்கறேன். வீட்டு ஹால்ல மாட்டி வைக்கணும். திரும்பி வந்து எடுத்துக்கறேன்மா."

"எடுத்துக்கய்யா" என்றாள். வேறென்ன சொல்வாள்?

ஆண்கள் போய்விட்டார்கள். திரும்பிவர இரண்டு மணி நேரமாவது ஆகும். மருமகள் லோஷினி மற்ற பெண்களோடு வீட்டுக்குத் திரும்பிக் கழுவிவிட ஆரம்பித்தாள்.

"அவர் இருந்த எடத்த ஒருதரம் பாத்துட்டு வர்றேன்" என்றாள் சந்திரமதி.

"போய்ட்டு வாங்க அத்தை" என்றாள் லோஷினி. அடுக்களையிலிருந்து சந்திரமதி தேங்காய் நாரையும் ஒரு பிடி சாம்பலையும் முந்தானையில் ஒளித்துக்கொண்டு போனதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

உறையைக் கிழித்தாள். அட்டையைப் பிய்த்தாள். லாயத்துத் திட்டில் சேணத்தைப் போட்டு, கரி பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். ஓரங்கள் மங்கின, கீறல் விழுந்தது. ஆனால் நடுப்பாகம் மட்டும் புதுமாப்பிள்ளை முகம்போல மினுமினுவென்று விறைத்துக்கொண்டிருந்தது.

"நாருக்கெல்லாம் அது அசராது தங்கச்சி."

மெலூரை முச்சந்தியிலிருந்து திருப்பிக் கூட்டிவந்த மீரா சாகிபு வாசலில் நின்றிருந்தார். "ஆள் உக்காந்தாத்தான் மடியும்."

சந்திரமதி மூச்சு வாங்க நிமிர்ந்தாள். டிரம் மூலையில் கிடந்தது. பார்த்தாள். பாயும் பார்த்தார்.

"தங்கச்சி, நாளைக்கு ஒம் மகன் எங்கிட்ட வந்து, இது ஓடுன சேணமான்னு கேட்டா?"

"ஓடுனதுன்னு சொல்லுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அது பொய்யா இருக்காது."

பாய் யோசித்தார். எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து யோசித்தார். பிறகு சேணத்தைத் தூக்கி மெலூரின் முதுகில் போட்டு வாரை இறுக்கினார். டிரம்மை உருட்டிவந்து நிறுத்தினார். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பி, "பிஸ்மில்லா" என்றார்.

அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி, சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகிக்கொண்டு டிரம்மில் ஏறியதையும், இரண்டு தடவை வழுக்கியதையும், மூன்றாம் தடவை மாவு மூட்டைபோல மெலூரின் மேல் விழுந்து காலை அந்தப்பக்கம் போட்டதையும் வானத்து மேகத்தைத் தவிர யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பாய் அந்த மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெலூர் நடந்தது. லாயம், வேலி, தண்ணீர்த் தொட்டி, கவிழ்த்துப் போட்ட வாளி, எல்லாம் கீழே போய்விட்டன. அவளுடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பெரியதாக, வெதுவெதுப்பாக, ஏதோ ஒன்று விரிந்து சுருங்கியது. மறுபடி விரிந்தது.

"ஒசரமாத்தாங்க இருக்கு" என்றாள். பாய் தன்னிடம் சொல்கிறாள் என்று நினைத்துத் திரும்பினார். இல்லை என்று தெரிந்ததும் மறுபடி மேகத்தைப் பார்த்துக்கொண்டார்.

தோல் முனகியது. ஆறு சுற்று ஆயிற்று.

"போதும் தங்கச்சி, வந்துடப் போறாங்க."

"இன்னும் ஒரு சுத்து, பாய்."

அவள் போய்க் குளித்துவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் வேன்கள் வந்தன. ஆண்கள் வாசல் குழாயில் தலைமுழுகினார்கள். காளிதாஸ் நேரே லாயத்துக்குப் போய்ச் சேணத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். கூடத்து நடுவில் இறக்கிவைத்து, மடிந்திருந்த தோலைத் தடவினான்.

"எப்படித் தேஞ்சிருக்கு பாருங்கம்மா. நான்தான் அப்பாவத் திட்டிட்டே இருந்தேன்." கை நின்றது. "இன்னும் சூடா இருக்கே?"

"வெயில்ல கெடந்துச்சுய்யா."

"நான் சொன்னனா இல்லியா?" என்றார் காளியப்பன், ஈரத் தலையோடு.

காளிதாஸ் கையை எடுக்கவில்லை.

எல்லாருக்கும் கோப்பி வந்தது. சந்திரமதி மட்டும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காருங்க அத்தை. காலைலேர்ந்து நிக்கிறீங்க."

"பரவால்லம்மா. நிக்கிறேன்."

லோஷினி மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போனாள். அறையிலிருந்து ஒரு தலையணையை எடுத்துவந்து, அடுக்களை ஜன்னலோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, தட்டிச் சமன் செய்துவிட்டு, கோப்பிக் குவளைகளைக் கழுவப் போய்விட்டாள்.

சந்திரமதி நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மெல்ல, மெல்ல உட்கார்ந்தாள். வேலிக்கு அப்பால் மெலூர் புல் மேய்ந்துகொண்டிருந்தது. காதிலிருந்த பஞ்சை இன்னும் யாரும் எடுத்திருக்கவில்லை.