மூடப்படாத கனெக்‌ஷன்

1

இந்தக் கதை முதலில் ஒன்றரைப் பக்க அறிக்கையாக இருந்தது. அதை எழுதியவனும் நான்தான். இப்படிப்பட்ட அறிக்கைகளில் ஆள் பெயர் வரக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. "ஒரு பொறியாளர்", "குழுவின் ஓர் உறுப்பினர்" என்றுதான் எழுத வேண்டும். எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. அந்த வசதி ஒரு வருடமாக உறுத்துகிறது. அதனால் மறுபடி எழுதுகிறேன். பழக்கதோஷம், இங்கேயும் பெயர்கள் இல்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: "பத்து மணி ஏழு நிமிடத்துக்கு சர்வர் மூச்சை நிறுத்தியது."

அடித்துவிட்டேன். சர்வர் மூச்சு விடுவதில்லை. மூச்சுக்குத் திணறிய ஒரு மனிதர் வேறு இடத்தில் இருந்தார். அவரை விட்டுவிட்டு இயந்திரத்துக்கு மூச்சு கொடுப்பது அநியாயம்.

இரண்டாவது: "நாங்கள் ஒரே குடும்பம் போல…"

வேண்டாம். அதில் இரண்டு பேர் நிஜமாகவே ஒரே குடும்பம். சிக்கலே அங்கேதான்.

2

நேராகவே சொல்லிவிடுகிறேன். சிறுநீரக நோயாளிகள் டயாலிசிஸுக்கு நேரம் பதிவு செய்யும் இணையதளத்தை நாங்கள் நடத்தினோம். பதினோரு மையங்கள், ஒரே தளம்.

டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்ட அம்மாளுக்கு 'கதவு' என்று பட்டப்பெயர். அவரைக் கேட்காமல் யாரும் உள்ளே போய் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. நேரில் அக்கா என்போம். தளத்தின் நிரல் எழுதியவர் 'மாப்பிள்ளை'. எங்கள் மேலாளரின் தங்கையைக் கட்டியவர் என்பதால் அந்தப் பெயர். வீட்டில் மேலாளரை "மச்சான்" என்பார், அலுவலகத்தில் "சார்" என்பார், அவசரத்தில் "மச்… சார்" என்பார். அவர் அப்படித் தடுமாறும் தருணத்துக்காகவே சிலர் அவரிடம் அவசர வேலை கொடுப்பார்கள். மேலாளரோ, சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மாப்பிள்ளையிடம் மட்டும் ஒரு பிடி கூடுதலாகவே கடுகடுப்பார்.

நான் சோதனை செய்பவன். இவர்கள் எழுதியதை ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சைக் குறி போடுவது என் வேலை.

(இந்த இடத்தில் என்னைப் பற்றி இன்னொரு வரி இருந்தது. இப்போதைக்கு எடுத்துவிட்டேன். ஐந்தாம் பகுதியில் வரும்.)

3

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தளம் நின்றது. சர்வரை அணைத்துப் போட்டோம், எழுந்தது. ஒரு மணி நேரத்தில் மறுபடி நின்றது. செவ்வாயும் அதே கதை.

காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமில்லை. டேட்டாபேஸோடு ஒரே நேரத்தில் நூறு கனெக்‌ஷன்தான் வைத்துக்கொள்ள முடியும். தளத்தில் யார் எதை அழுத்தினாலும் ஒரு கனெக்‌ஷன் எடுக்கப்படும்; வேலை முடிந்ததும் அதை மூடித் திருப்பித் தர வேண்டும். எங்கோ ஓரிடத்தில் எடுத்தது திரும்பவில்லை. நூறும் தீர்ந்ததும் நூற்றியோராவது ஆள் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"நூறை முந்நூறாக்குங்க, முடிஞ்சது," என்றார் மேலாளர்.

"முந்நூறும் தீரும் சார்," என்றார் அக்கா. "போனவன் திரும்பி வராம வாசலை மட்டும் பெருசாக்கி என்ன பண்ண?"

"டேட்டாபேஸ் பக்கம் ஏதாவது இருக்கும்க்கா," என்றார் மாப்பிள்ளை.

"என் பக்கம் சுத்தமா இருக்கு. உன் பக்கத்தைக் கொட்டிப் பாரு."

இரண்டு நாளும் இப்படியே பந்தை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை காலை தொலைபேசி அடித்தது. எடுத்தவன் நான். ஒரு பெண் குரல், கோபமில்லாமல், களைத்துப் போய்ப் பேசியது.

"ரெண்டு நாளா அப்பாவுக்கு நேரம் போட முடியலைங்க. இன்னிக்கு நேரா மையத்துக்கே கூட்டிட்டு வந்துட்டேன். பட்டியல்ல பேர் இல்ல, மெஷின் எல்லாம் நிரம்பிடுச்சுங்கறாங்க. அவருக்கு மூச்சு வாங்குது. எங்க போறதுன்னு மட்டும் சொல்லுங்க."

மேலாளர் தானே மையங்களை ஒவ்வொன்றாக அழைத்தார். இடம் கிடைப்பதற்குள் அந்தப் பெரியவரை அவசர சிகிச்சையில் சேர்த்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதரின் உயிரை வைத்து உங்களைப் பக்கம் புரட்ட வைக்க எனக்கு விருப்பமில்லை.

4

அந்த அழைப்புக்குப் பிறகு அக்கா வாதத்தை விட்டுவிட்டுத் திரையின் முன் உட்கார்ந்தார். திறந்து கிடந்த நூறு கனெக்‌ஷன்களையும் வரிசையாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் கடைசியாக என்ன செய்தது என்று பார்த்தார். தொண்ணூற்று நான்கு ஒரே பக்கத்திலிருந்து வந்திருந்தன: பதிவை ரத்து செய்யும் பக்கம். அந்த வாரம்தான் மையங்கள் ரத்து செய்வதற்கான இணைய முகவரியை நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பத் தொடங்கியிருந்தன. காலாவதியான முகவரியை யாராவது அழுத்தினால் பிழை வரும். பிழை வந்தால், கனெக்‌ஷனைத் திருப்பித் தரும் வரிக்கு நிரல் போய்ச் சேராமலே வெளியேறிவிடும்.

அக்கா அந்த ஒரு வரியை இடம் மாற்றினார். தளம் எழுந்தது, பிறகு நிற்கவே இல்லை.

அப்புறம்தான் அந்த வரியை யார் எழுதியது என்று நிரல் மாற்றங்களின் பதிவேட்டைத் திறந்தோம். மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் மூன்றே கால். மாப்பிள்ளையின் பெயர்.

அக்காவின் முகம் வெளுத்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அது நான் எழுதினது. அன்னைக்கு அவன் ஆபீஸ்லயே இல்ல. 'வீட்ல ஒரு அவசரம்க்கா, ரத்துப் பக்கம் பாதியில நிக்குது, முடிச்சு அனுப்பிடுங்க'ன்னு போன் பண்ணான். அவன் மெஷின்ல, அவன் லாகின்லயே உக்காந்து இருபது நிமிஷத்துல எழுதி அனுப்பிட்டேன். எல்லாருக்கும் பாடம் எடுக்கிற நானே."

(அக்கா இங்கே அழுததாக ஒரு வரைவில் எழுதியிருந்தேன். அவர் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காக இருந்தது, அவ்வளவுதான்.)

5

வெள்ளிக்கிழமை நிறுவனத் தலைவி, நாங்கள் 'மேடம்' என்பவர், கூட்டம் போட்டார். மேசையைச் சுற்றி ஐந்து பேர்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "அந்த வரி என்னுது மேடம். இவர் அன்னைக்கு வரவே இல்ல."

மேடம் மாப்பிள்ளையைப் பார்த்தார். "பதிவுல உங்க பேர் இருக்கு. விடுப்பும் எழுதித் தரல. அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

மாப்பிள்ளை ஒரு கணம் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தன் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"இங்கதான் மேடம் இருந்தேன். நான்தான் எழுதினேன். அக்கா எனக்காகச் சொல்றாங்க."

"ஏன்டா பொய் சொல்ற?" என்றார் அக்கா, கூட்டத்தை மறந்து.

"விடுங்கக்கா."

மேடம் பேனாவை மூடினார். "வேற யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?"

இப்போது, இரண்டாம் பகுதியில் என்னைப் பற்றி எடுத்துவைத்த அந்த வரி. அந்தச் செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் நாற்காலி காலையிலிருந்து காலியாக இருந்ததையும், பகலில் அதில் அக்கா உட்கார்ந்து தட்டச்சு செய்ததையும் நான் பார்த்தேன். என் மேசை எதிரே இருக்கிறது. நான்கு மணிக்கு ரத்துப் பக்கத்தைச் சோதித்தவனும் நான். நல்ல முகவரி ஒன்றை அழுத்தினேன், வேலை செய்தது. காலாவதியான ஒன்றை அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். பச்சைக் குறி போட்டேன். அக்காவுக்கு நான் ஒருவனே சாட்சி. யாரும் தேடாத குற்றவாளியும் நானே.

"இல்ல மேடம்," என்றேன்.

6

மாப்பிள்ளைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அக்கா தன் தவறென்று ஒரு கடிதம் எழுதி மேடத்திடம் கொடுத்தார். அதைக் கோப்பில் வைத்தார்கள். எட்டு மாதம் கழித்து மாப்பிள்ளை வேறு வேலைக்குப் போனார். போகும்வரை அக்காவுக்கு அவர்தான் தேநீர் எடுத்துவந்து வைப்பார், அக்காவும் குடிப்பார். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

அறிக்கையை எழுதும் பொறுப்பை மேலாளர் எனக்குக் கொடுத்தார். மாடிப்படியில் அவரை நிறுத்திக் கேட்டேன்.

"சார், அன்னைக்கு அவர் எங்க போயிருந்தார்னு உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

கைப்பிடியைப் பிடித்தபடி, யாராவது வருகிறார்களா என்று கீழே எட்டிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில. நானும் அங்கதான் இருந்தேன். என் தங்கச்சிக்கு ஏழாம் மாசம். குழந்தை தங்கல. அவ வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. அவன் அதைக் காப்பாத்தினான்." பிறகு, "நான் சத்தியத்தைக் காப்பாத்தினேனா, என் பேரைக் காப்பாத்திக்கிட்டேனான்னு எனக்கே தெரியல," என்றார்.

என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"பேர் இல்லாம எழுது."

எழுதினேன். "பிழை நேரும்போது கனெக்‌ஷன் மூடப்படவில்லை." செயப்பாட்டு வினை என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களே, அது எதற்கு உதவும் என்று அன்றுதான் தெரிந்தது.

(அந்தத் தங்கையை நான் பார்த்ததில்லை. இதை அவர் படிக்க நேர்ந்தால் அந்தச் சத்தியத்தை உடைத்தவன் நானாகிவிடுவேன். அதனால் இந்தப் பகுதியை இரண்டு முறை நீக்கினேன். நீக்கினால் மாப்பிள்ளை வெறும் அசடாகத் தெரிந்தார். இரண்டு முறையும் திரும்பச் சேர்த்தேன். ஊரையும் நிறுவனத்தையும் மறைத்ததோடு என் மனசாட்சி திருப்தி அடைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.)

7

முடிவு.

மேலாளர் தலை நிமிர்ந்து, "அவர் அன்னைக்கு என்கூட இருந்தார்," என்று மட்டும் சொல்வதாக ஒன்று எழுதினேன். சத்தியமும் உடையாது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவரை நல்லவராக்கிவிட்டு நான் ஒளிந்துகொள்கிற முடிவு அது.

இன்னொன்றில் நான் பேசுகிறேன். "மேடம், அந்த நாற்காலி காலியா இருந்துச்சு. சோதிச்சவனும் நான்தான்." எழுதியதும் நெஞ்சு விரிந்தது. ஐந்து நிமிடம் கழித்துப் படித்தால் கூச்சமாக இருந்தது. அறையில் வாய் திறக்காதவன் காகிதத்தில் வீரம் காட்டுவது எதற்கு?

நடந்ததை மேலே சொல்லிவிட்டேன். அதை மாற்றுகிற உரிமை எனக்கில்லை. உங்களுக்கு உண்டு; நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. மேடம் பேனாவை மூடிவிட்டு எங்களைப் பார்க்கிறார். நாங்கள் நான்கு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு நாற்காலி பின்னால் நகர்கிற ஓசை வரை நான் எழுதிவைத்திருக்கிறேன்.

எழுந்தது யார் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: செய்வினையில் எழுதுங்கள்.