குளிர்பெட்டிக்குப் பின்னால் ஒரு சுவிட்ச்

"அப்ப கிளப் ஆற்ற பேரில கிடக்கு, அண்ணை?"

"அதைக் கேக்காதேங்கோ. அது ஒரு பகிடிக்கதை."

"சொல்லுங்கோவன். பொறுப்பெடுக்கப் போறவனுக்குத் தெரியத்தானே வேணும்."

"உங்களுக்கு இப்ப றோல்ஸ் தந்தவ நிக்கிறா எல்லே, அவவின்ர பேரிலதான்."

இரண்டு ஆண்களும் திரும்பி, சிற்றுண்டிச்சாலையின் சாளரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். உள்ளே நின்ற ஜெபமலரும் சிரித்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று அவள் முடிவெடுப்பதற்கு முன்பே வாய் சிரித்துவிட்டிருந்தது. பிறகுதான் உதடுகளை மூடிக்கொண்டு, எண்ணெய் வடிந்த தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

டேனிஷ் நகரமான ஹோர்சன்ஸின் ஓரத்தில், பண்டகசாலைகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த விளையாட்டு மண்டபம். ஞாயிற்றுக்கிழமை. அவர்களுடைய உள்ளரங்கக் கால்பந்து அணி சற்று முன்புதான் சொந்த மண்டபத்திலேயே மோசமாகத் தோற்றிருந்தது. பெடியன்கள் குளித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போய்விட்டார்கள். கேள்வி கேட்டவர் மகேந்திரராசா. பிரெடெரிசியாவில் துப்புரவு நிறுவனம் ஒன்றை நடத்துபவர். அவருடைய நிறுவனம் கழகத்தின் அணியை, கடன்களோடும் லீக்கில் அதற்குள்ள இடத்தோடும் சேர்த்துப் பொறுப்பெடுக்கப்போவதாகப் பேச்சு. பதில் சொன்னவன் காலேப். கிழமை நாட்களில் பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், மாலைகளில் அணியின் பயிற்றுநர், எப்போதும் ஜெபமலரின் கணவன்.

பகிடிக்கதை என்றாலும் அது உண்மைக்கதை. கழகத்தைப் பதிவதற்குத் தலைவர், பொருளாளர் என்று ஒரு நிர்வாகம் வேண்டுமென்று நகரசபை சொன்னபோது, தொடங்கிய நான்கு ஆண்களுக்கும் தலைவராகும் ஆசை இருந்தது. மற்றவன் தலைவராகிவிடக் கூடாது என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகம் உடைந்ததும், பழைய விளையாட்டுச் சங்கம் இரண்டானதும் அப்படித்தான். கடைசியில் அந்த நால்வரில் ஒருவரான நவரத்தினம்தான் வழி கண்டுபிடித்தார். "மனிசிமாரின்ர பேரைப் போட்டுவிடுவம். அவையள் கதிரைக்குச் சண்டை பிடிக்க மாட்டினம்." ஜெபமலரின் மகள் தபிதாவின் பிறந்தநாளன்று, கேக் வெட்டிய மேசையிலேயே பொதுக்கூட்டமும் நடந்தது. நவரத்தினத்தின் மனைவி ஞானேஸ்வரி கோழிக்கறிக் கையோடு தலைவரானாள். கேக் வெட்டிய கத்தியைக் கழுவிக்கொண்டு நின்ற ஜெபமலர் பொருளாளரானாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு பொருளாளரின் வேலை றோல்ஸ் சுடுவதாக இருந்தது. வங்கி அட்டை காலேப்பின் பணப்பையில் இருந்தது. எப்போதாவது அவளுடைய கைபேசியில் மிட்ஐடி செயலி விழித்துக்கொள்ளும். விரலால் ஒரு கோட்டை வலப்பக்கம் இழுத்தால் அதுதான் இந்த நாட்டில் கையெழுத்து. "ஒருக்கா இழுத்துவிடும்" என்பான் காலேப். கை மாவாக இருந்தால் சின்னவிரலால் இழுத்துவிடுவாள். எதற்கு என்று கேட்டதில்லை. வீட்டுக் கடனுக்கும் தொலைபேசிக்கும் தபிதாவின் பற்கம்பிக்கும் கேட்காதவள் கால்பந்துக்கா கேட்கப்போகிறாள்?

தோற்றுக்கொண்டிருந்தவரைக்கும் கழகத்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. வெல்லத் தொடங்கியபோதுதான் செலவு தொடங்கியது. மேல்பிரிவுக்கு ஏறியதும் கொப்பன்ஹேகன், ஓல்போர்க் என்று பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது. போர்த்துக்கல்லிலிருந்து இரண்டு ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து அறை எடுத்துக் கொடுத்தார்கள். இப்போது பேருந்துக்காரனும் அறைக்காரனும் அனுப்பும் கடிதங்களில் நிர்வாகத்தின் பெயர் இருந்தது. அதாவது அவளுடைய பெயர். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லம் நகரசபைக்குச் சொந்தம். மண்டபமும் நகரசபைக்குச் சொந்தம். இரண்டு இடத்திலும் தன் பெயர் ஒரே எழுத்துகளில் எழுதப்பட்டிருப்பது ஒவ்வொரு கடிதத்தோடும் அவளுக்கு நினைவு வரும். அதனால்தான் மகேந்திரராசா என்ற பெயரை காலேப் முதன்முதலில் சொன்னபோது அவளுக்கும் மூச்சு வந்தது. இன்று காலை காரில் வரும்போதுகூட, "இண்டைக்குத்தான் முதன்முதலா இஞ்ச வாறார், றோல்ஸைக் கொஞ்சம் உறைப்பாப் போடும்" என்று சொன்னான். அவளும் உறைப்பாகத்தான் போட்டாள்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. சமையலறை மூலையில் கழுவுதொட்டி கண்ணுக்குத் தெரியாமல் போனது. மகேந்திரராசா தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்; பெரிய மனிதருக்கு இவ்வளவு பணிவா என்று அவள் வியந்துகொண்டிருக்கும்போதே, அவருடைய இடதுகை ஐஸ்கிறீம் குளிர்பெட்டிக்குப் பின்னால் போனது. மின்விளக்கு எரிந்தது. அவர் தட்டைத் தொட்டிக்குள் வைத்தார். "நல்ல றோல்ஸ், அக்கா" என்றார்.

அந்தச் சுவிட்ச் அங்கே இருப்பது வெளியாட்கள் ஒருவருக்கும் தெரியாது. குளிர்பெட்டியை யாரோ தள்ளிவைத்து அதை மறைத்துவிட்டார்கள். புதிதாக வரும் எவரும் முதலில் கதவோரத்தைத் தடவுவார்கள், பிறகு சாளரத்தின் பக்கம், பிறகு அவளைக் கூப்பிடுவார்கள். நடுவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். மண்டபத்தைப் பராமரிப்பவர் விடுமுறையில் போனபோது அவருக்குப் பதிலாக வந்தவர், கைபேசி வெளிச்சத்தில் தேநீர் போட்டுக் குடித்துவிட்டுப் போனார். இந்த மனிதரின் கை ஒரு நொடியும் தேடவில்லை.

அவள் தட்டைக் கழுவினாள். பிறகு, கேட்பது தன் குரல்தானா என்று தெரியாத மாதிரி ஒரு குரலில் கேட்டாள்.

"ஹோலைச் சுத்திப் பாத்தனீங்களோ?"

"எங்க அக்கா, இனித்தான். இண்டைக்குத்தானே இதுக்குள்ள காலடி வைக்கிறன்."

சிரித்தபடிதான் சொன்னார். பற்கள் அழகாக இருந்தன.

அதற்குப் பிறகு அவளுக்குக் கடந்த மாதங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து தெரிந்தன. வியாழக்கிழமைகளில் தபிதாவும் மற்றப் பெண்பிள்ளைகளும் ஆடும் பயிற்சி முடிந்த பிறகும் காலேப் மண்டபத்தில் தங்கியது, அவன் சொன்னதுபோல் வலை தைக்கவா? கைபேசியை மேசையில் எப்போதும் மல்லாக்கப் போடுபவன் குப்புறப் போடத் தொடங்கியது எப்போது? மகேந்திரராசா வந்து பார்த்துவிட்டுப் போனதில் என்ன குற்றம்? குற்றம் இல்லை. ஆனால் குற்றம் இல்லாததை ஏன் இரண்டு பேரும் சேர்ந்து மறைக்க வேண்டும்? பொறுப்பெடுக்கும் நிறுவனத்தில் வேறு யாருடைய பெயராவது இருக்கிறதா? மகேந்திரராசாவிடமிருந்து அணி பிறகு வேறு யாருக்கோ கை மாறுமா? கடன் அவரோடு போய்விடுமா, இல்லை, அணி மட்டும் போய்க் கடன் அவளோடு நின்றுவிடுமா? ஒரு சந்தேகத்தைத் துடைத்தால் அந்தத் துணியிலேயே இன்னொன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

றோல்ஸ் கேட்டு வந்த தபிதாவிடம், அந்த மாமாவை வியாழக்கிழமைகளில் கண்டிருக்கிறாளா என்று மெல்லக் கேட்டாள். தபிதா சாளரத்துக்கு வெளியே ஒரு தரம் பார்த்துவிட்டு, அப்பாவின் நண்பர்கள் எல்லாரும் ஒரே ஜாக்கெட்டைத்தான் போடுகிறார்கள், யாரை யாரென்று சொல்வது என்று டேனிஷில் சொன்னாள். பிறகு, வியாழக்கிழமைப் பயிற்சி மணித்தியாலம் தங்களிடமிருந்து போகப்போகிறதா என்று கேட்டாள். யார் சொன்னது என்றதற்கு, யாரும் சொல்லவில்லை, அப்பாதான் வேறு நாள் பிடிக்குமா என்று கேட்டார் என்றாள். றோல்ஸைக் கடித்து, உறைப்பு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு காருக்குப் போனாள்.

ஜெபமலர் ரண்டர்ஸில் இருக்கும் ஞானேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்தாள். அணியைக் கைமாற்றும் பத்திரத்தில் தலைவர் ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டாளாம், நேற்றே. என்னவென்று வாசித்தாளா என்று கேட்டபோது ஞானேஸ்வரி குலுங்கிச் சிரித்தாள்.

"கலியாண எழுத்திலயிருந்து இந்தாள் காட்டின இடத்திலதானே வைச்சுக்கொண்டு வாறன். உனக்கென்னடி திடீரெண்டு? காலேப் நல்ல பிள்ளை எல்லே."

நல்ல பிள்ளைதான். அதுவே அவளை இன்னும் அச்சப்படுத்தியது. கெட்டவன் மறைத்தால் காரணம் தெரியும்.

மகேந்திரராசாவின் கார் வெளிச்சம் மழையைக் கிழித்துக்கொண்டு தெருவில் திரும்பியது. அவள் சமையலறையைப் பூட்டிவிட்டு வந்தபோது காலேப் மண்டபத்துக்குள் மாற்றாட்டக்காரர்கள் உட்காரும் வாங்கில் தனியாக இருந்தான். அந்த மண்டபத்தின் விளக்குகளுக்கு ஒரு குணம். யாரும் அசையாமல் இருந்தால் மண்டபம் காலியென்று எண்ணித் தாமே அணைந்துவிடும். ஆட்டம் முடிந்து ஆண்கள் வாங்கில் இருந்து கதைக்கும்போது காலேப்தான் அடிக்கடி ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவான். "காலேப் ஆராதனை தொடங்கிட்டான்" என்று நவரத்தினம் நக்கலடிப்பார். "கர்த்தர் வெளிச்சம் தருவார், அண்ணை" என்பான் அவன். அவர்களுடைய சபைக்காரர்கள்கூட அதற்குச் சிரிப்பார்கள்.

அவள் போய் அவன் பக்கத்தில் இருந்தாள். கோல் வலையில் தோல்வியின் பந்து ஒன்று எடுக்காமல் கிடந்தது. அவன் களைத்திருந்தான். கழுத்தோரம் முடி நரைத்திருப்பதை அவள் இன்றுதான் கண்டாள். இந்த மனிதனை வேவு பார்ப்பது போல் பார்க்கிறேனே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

"உங்கட ஃபோனில வந்திருக்கும், பாரும்," என்றான். "ஞானேஸ்வரி அக்கா போட்டிட்டா. இனி நீர் மட்டும்தான். எல்லாம் முடிஞ்சுது, இனி ஒருத்தரும் உமக்குக் கடிதம் போடாயினம்."

பேச்சில் தவறில்லை. 'உங்கட' என்று தொடங்கி 'நீர்' என்று இறங்கியதுகூட, கெஞ்சும்போது அவன் எப்போதும் செய்வதுதான். கைபேசியை எடுத்தாள். திரை விழித்திருந்தது. நீல நிறத்தில் அந்தக் கோடு, அதன் இடதுமுனையில் விரலுக்காகக் காத்திருக்கும் சின்ன வட்டம். இழுத்தால் கடிதங்கள் நிற்கலாம். இழுத்தால் பெண்பிள்ளைகளின் வியாழக்கிழமை போகலாம். எது போனாலும் எது நின்றாலும், நாளைக்கு யாராவது கேட்டால், இழுத்த விரல் அவளுடையது. காலேப்பின் பெயர் எங்கும் இருக்காது. அந்தப் பிறந்தநாளன்று எல்லாரும் கைதட்டியது இதற்குத்தானா என்று ஒரு கணம் தோன்றியது.

விரலை வட்டத்தின் மேல் வைத்தாள். அவன் மூச்சு விட்டது கேட்டது.

"ஒண்டு மட்டும்," என்றாள். "அந்தாள் முதன்முதல் இஞ்ச வந்த நாள் எதெண்டு சொல்லுங்கோ. சொல்லுங்கோ, இழுத்துவிடுறன்."

காலேப் அவள் பக்கம் திரும்பவில்லை. கோல் வலைக்குள் கிடந்த பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் தொடைமேல் கிடந்தன. மழை கூரையில் ஒரே சீராக விழுந்தது. மண்டபத்தின் தூரத்து மூலையில் முதல் வரிசை விளக்குகள் அணைந்தன, பிறகு நடுவரிசை. இரண்டு பேரில் ஒருவர் கையைத் தூக்கியிருந்தால் போதும். கடைசி வரிசையும் போனபோது, அவளுடைய பெருவிரலின் கீழே நீல வட்டம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.