கையெழுத்துக்கு முந்திய விருந்து

என் மகள் நிஷாந்தியின் கலியாண எழுத்துக்கு அந்தப் பழைய பங்களாவைப் பிடித்தது மாப்பிள்ளை வீட்டார். கொழும்பைத் தாண்டி, றப்பர்த் தோட்டத்து நடுவில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டியது, இப்போது ஹோட்டல். பதிவாளர் வந்து கையெழுத்து வாங்க இரண்டு மணிக்குத்தான் நல்ல நேரம் என்பதால் சாப்பாடு முந்திவிட்டது. ஏழு தரம் பரிமாறுவார்களாம். வெள்ளவத்தையில் ஒரு கொத்துரொட்டியோடு அடங்குகிற பசிக்கு இத்தனை கரண்டி எதற்கு என்று எனக்கு எரிச்சல்.

உண்மையில் எரிச்சல் கரண்டி மேல் இல்லை. ரொறன்ரோவில் என் அண்ணன் கிருஷ்ணராஜ் பத்து நாளாக ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு கிடந்தார். சொந்தத் தமையன் போனால் முப்பத்தொரு நாள் துடக்கு, அந்தச் சாவுத் தீட்டோடு எழுத்து நடக்காது. மாப்பிள்ளை றமேஷோ வெள்ளிக்கிழமை மெல்பேர்னுக்குப் பறக்கிறார், பிறகு எப்போது வருவாரோ. ஆனால் செய்தி காதில் விழும்வரை துடக்கு இல்லை என்பது எங்கள் ஆட்களின் சட்டம். அதனால் என் மனைவி மேனகா காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"கையெழுத்து முடியுமட்டும் கனடா ஃபோன் ஒண்டும் எடுக்கக்கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம்" என்றேன்.

பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில் ஒரே ஒரு துண்டு மீன் வந்தது. பரிமாறிய ஹோட்டல் பணியாள் ஹியூபேட் அதன் பெருமையை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. அண்ணியின் பெயர். இங்கே பகல் பன்னிரண்டரை என்றால் அங்கே அதிகாலை மூன்று மணி. அந்த நேரத்தில் யார் நல்ல செய்தி சொல்ல எடுப்பார்கள்?

மேனகா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். ஃபோன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. இப்படியே ஐந்து தரம். எனக்கு முதல் சப்பாத்து வாங்கித் தந்தவர் அண்ணன். அவர் போய்விட்டார் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டு மீனை மென்றுகொண்டிருக்க வெட்கமாக இருந்தது. ஆறாம் தரம் அதிர்ந்ததும், துடக்கென்றால் துடக்கு என்று எழும்பினேன்.

"இருங்கோ!" மேனகா பல்லைக் கடித்தாள். கேட்காமல் விறாந்தைக்குப் போய் எடுத்தேன்.

"என்னடா, விருந்து ருசியோ?"

குரல் கரகரத்தது. ஆனால் அண்ணனேதான்.

"நேற்றுப் பின்னேரம் குழாயைக் கழட்டிப்போட்டாங்கள். உன்ரை அண்ணி கதிரையில நித்திரை. அவளின்ரை ஃபோனிலதான் கதைக்கிறன்."

நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்படியொரு நிம்மதி எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"எத்தினை தரம் எடுத்தனான்! ஏன்டா தூக்கேல்லை?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீங்கள் செத்துப்போனீங்களோ எண்டு பயந்தனான் அண்ணை. துடக்கு வந்தா எழுத்து நிண்டிடும் எண்டு..."

அண்ணன் இருமி இருமிச் சிரித்தார்.

"விசரா! நான் செத்திருந்தா உனக்கு ஃபோனே வந்திராது. பிள்ளை கையெழுத்து வைக்குமட்டும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு, குழாய் போட முந்தியே உன்ரை அண்ணியிட்டைச் சத்தியம் வாங்கினனான்."