கம்ப்யூட்டருக்குச் சூடு

செல்லச்சாமியின் பட்டாசுக் கம்பெனி வெம்பக்கோட்டை ரோட்டில் இருக்கிறது. ஆர்டர் எடுப்பது, லோடு அனுப்புவது, கடிதம் அடிப்பது எல்லாம் ஆபீசில் இருக்கும் பானுப்பிரியாவின் பொறுப்பு. அங்கே இருந்த ஒரே கம்ப்யூட்டரும் அவள் பொறுப்புதான். போன சீசனில் அதற்குள் வைரஸ் புகுந்து ஆர்டர்களை எல்லாம் தின்றுவிட்டது. அவளோடு சிவகாசியில் காலேஜ் படித்த ஆல்பின்தான் வந்து, பழையதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டம் போட்டுக் கொடுத்தான். ஆல்பின் இப்போது மல்லாங்கிணற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார்.

"இதுக்கு வைரசே வராதாம்ல" என்று செல்லச்சாமி பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டார், காய்ச்சலே வராத பிள்ளையைப் பெற்றவர் மாதிரி.

வைரஸ் வரவில்லைதான். ஆனால் வைஃபையும் வரவில்லை.

அது தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்று மதியம் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சுற்றுவட்டாரத்துக் கம்பெனிக்காரர்களை எல்லாம் ஆன்லைனில் கூட்டிவைத்துப் பேசப் போகிறார். முதலாளியும் போர்மேன்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு. முந்தின நாள்தான் இன்டர்நெட் ஆள் வந்து, கேட்டை ஒட்டிய வாட்ச்மேன் ரூமில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டு, "வயரெல்லாம் வேண்டாம், காத்துலயே வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கம்ப்யூட்டரின் பின்னால் சொருகுவதற்குச் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு வைஃபை குச்சியும் கொடுத்திருந்தார்.

பானுப்பிரியா சொருகினாள். குச்சியில் விளக்கு எரியவில்லை. பிடுங்கிச் சொருகினாள். ஊதிச் சொருகினாள். துப்பட்டாவால் துடைத்துச் சொருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு மறுபடி போட்டாள். திரையில் வைஃபை அடையாளமே இல்லை.

ஆல்பினிடம் கேட்கலாம் என்றால் போன் கேட்டில் இருந்தது.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் போகக் கூடாது. வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்டிலேயே வாட்ச்மேன் உக்கிரபாண்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இந்த விஷயத்தில் உக்கிரபாண்டி முகதாட்சண்யமே பார்க்காதவர். முதலாளியின் மாமனார் தாம்பூலத் தட்டோடு வந்தபோதுகூட, தட்டை ஒரு கையில் வாங்கிக்கொண்டு இன்னொரு கையால் அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்.

பானுப்பிரியா கேட்டுக்கு ஓடினாள். ஆல்பினுக்குப் போன் போட்டாள்.

"குச்சிய மெஷினு கண்டுக்கிடுதான்னு மொதல்ல பாக்கணும் பானு. கட்டளை அடிக்கிற கருப்பு ஜன்னலத் தொறந்து நான் சொல்றத அடி" என்றான் ஆல்பின்.

அவன் எழுத்து எழுத்தாகச் சொன்னதை வாய்க்குள் முணுமுணுத்தபடியே ஆபீசுக்கு ஓடினாள். அடித்தாள். திரையில் நாலைந்து வரி விழுந்தது. அதில் குச்சியின் பெயர் இருந்த வரியை மனப்பாடம் செய்துகொண்டு மறுபடி கேட்டுக்கு ஓடினாள். வழியில் போர்மேன் ஒருவர் "என்னத்தா, சாப்பிட்டியா?" என்று கேட்டுத் தொலைத்தார். "சாப்ட்டேண்ணே" என்று சொன்னதில் பாதி வரி மறந்துபோனது. திரும்ப ஆபீசுக்கு ஓடினாள்.

கடைசியில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க வாசித்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் உக்கிரபாண்டி, வழக்குக் கேட்கிற நாட்டாமை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"விசயம் புரிஞ்சிருச்சு. குச்சி நல்லாத்தான் இருக்கு. டிரைவர்தான் பிரச்சனை. டிரைவர் இருக்கு, ஆனா தூங்குது. எழுப்பி விட்டாப் போதும், ஓடும்" என்றான் ஆல்பின்.

உக்கிரபாண்டியின் மீசை துடித்தது. கேட்டுக்கு வெளியே லோடு லாரி நின்றது. அதன் நிழலில் துண்டை விரித்து டிரைவர் மாரிக்கண்ணன் படுத்திருந்தான். பெட்டி ஏற்ற இன்னும் நேரமிருந்தது. பானுப்பிரியா "மாமா, அது அந்த டிரைவர் இல்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் உக்கிரபாண்டி குடிக்கிற தண்ணீர்ச் செம்போடு போய்விட்டார்.

"ஏலே! மல்லாங்கிணத்துல இருக்கிற வாத்தியாருக்கே தெரியுது நீ இங்கன தூங்குதது! எந்திரிலே!"

முகத்தில் விழுந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு மாரிக்கண்ணன் எழுந்தான். "எந்த வாத்தியாரு? நான் அஞ்சாப்போட நின்னுட்டனே!"

"நீ தூங்குததாலதான் ஆபீசுல நெட்டு வரலையாம்."

மாரிக்கண்ணன் லாரியைச் சுற்றிப் பார்த்தான். டயருக்கு அடியில் ஏதாவது வயர் மாட்டியிருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தான். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று லாரியைப் பத்தடி பின்னால் நகர்த்தி நிறுத்தினான். "இப்ப வருதா பாரு தாயி!" என்று கத்தினான்.

வரவில்லை.

கம்ப்யூட்டருக்குள் இருக்கிற டிரைவர் வேறு, அது ஆள் இல்லை, குச்சியோடு பேசத் தெரிந்த ஒரு மென்பொருள் என்று பானுப்பிரியா இரண்டு பேருக்கும் விளக்கினாள். "அதுக்கு எதுக்கு டிரைவர்னு பேரு வைக்காக?" என்று கேட்டபடியே மாரிக்கண்ணன் ஈரத் துண்டை உதறினான்.

இனிமேல் ஓட முடியாது என்று பானுப்பிரியாவின் கால் சொல்லிவிட்டது. கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம். கேட்டில் நின்று கத்தினால் ஆபீசுக்குக் கேட்காது, மரத்தடியில் இருந்து கத்தினால் கேட்கும். பேக்கிங் செட்டுக் கொட்டகையில் இருந்து தண்ணீர் பிடிக்க வந்த பாண்டிச்செல்வியைப் பிடித்து மரத்தடியில் நிறுத்தினாள். ஏற்பாடு இதுதான்: ஆல்பின் போனில் சொல்வதை உக்கிரபாண்டி கேட்டில் இருந்து கத்துவார். அதைப் பாண்டிச்செல்வி வாங்கி ஆபீஸ் பக்கம் திரும்பிக் கத்துவாள். பானுப்பிரியா அடிப்பாள்.

உக்கிரபாண்டிக்குக் கோயில் கொடைக்கு வேட்டு போடும்போது கூட்டத்தை விலக்கிப் பழகிய தொண்டை. பாண்டிச்செல்விக்கு மூன்று தெரு தள்ளி விளையாடும் மகனைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

"மொதல்ல, 'சூடோ'ன்னு அடிக்கணும்" என்றான் ஆல்பின். கம்ப்யூட்டரிடம் முதலாளி என்ற உரிமையோடு ஒரு வேலையைச் சொல்வதற்கு முன்னால் அடிக்கிற சொல் அது.

"சூடோ!" என்றார் உக்கிரபாண்டி.

"சூடோய்ய்!" என்றாள் பாண்டிச்செல்வி.

பானுப்பிரியா அடித்தாள். ஆனால் பாண்டிச்செல்விக்குப் பின்னால் வேலை நடக்கிற செட்டுகள் இருந்தன. பேக்கிங் செட்டில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த அய்யம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். இந்த வேலையில் பழுத்தவள், மருந்து சூடானால் அடுத்தது வெடிதான் என்று அறிந்தவள். பட்டாசுக் கம்பெனியில் 'சூடு' என்று கேட்டால் எங்கே, எதற்கு என்று விசாரிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"ஏத்தா, சூடாம்! போட்டதப் போட்டபடி போட்டுட்டு ஓடுங்க!"

ஒரு செட்டு ஓடியதும் அடுத்த செட்டு ஓடியது. யாரும் செருப்பைத் தேடவில்லை, தூக்குவாளியை எடுக்கத் திரும்பவில்லை. கற்றுக்கொடுத்தபடியே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கமாகச் சுற்றி, பக்கத்து அவசர வழியாக வெளியே இருந்த பருத்திக் காட்டில் போய் நின்றார்கள். நின்று திரும்பிப் பார்த்தார்கள். புகை இல்லை, சத்தம் இல்லை. வேப்பமரத்தடியில் பாண்டிச்செல்வி மட்டும் எதையும் கவனிக்காமல், டிரைவரை எழுப்புகிற 'மோட்புரோப்' என்ற அடுத்த சொல்லை, "மாடு புரோபு! மாடு! நம்ம மாடுதேன்!" என்று ஆபீசைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்லச்சாமியின் கார் வந்து நின்றது.

வேலையாட்கள் மொத்தமும் காட்டுக்குள் நிற்பதைக் கண்டதும் அவர் கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கினார். "எந்த ரூமு? எந்த ரூமுல?" என்றார்.

"தெரியல மொதலாளி, சூடுன்னு சத்தம் வந்துச்சு" என்றாள் அய்யம்மாள்.

"கம்ப்யூட்டருக்குத்தான் மொதலாளி" என்று மாரிக்கண்ணன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

ஆபீசில் பானுப்பிரியா இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்ததும் செல்லச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். சுவரோரம் மாட்டியிருந்த சிவப்பு மணல் வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. முதலாளி நல்லவர்தான் என்று அன்றைக்குச் சில பேர் முடிவு செய்தார்கள்.

உள்ளே பானுப்பிரியா கட்டளை முழுவதையும் அடித்து முடித்துவிட்டு, பாஸ்வேர்டும் அடித்திருந்தாள். என்டர் தட்டுவது மட்டும் பாக்கி. கதவு படாரென்று திறந்தது.

"தள்ளிக்கோ தாயி!"

"மொதலாளி, வேண்டாம்! வேண்டாம்! ஒண்ணுமில்ல!" என்று கத்தியபடி அவள் கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். செல்லச்சாமியால் நிற்க முடியவில்லை. தரை வழுவழுப்பு, வயிறு முன்னால் வந்துவிட்டது. பாதி மணல் அவர் தலையிலும் பாதி மேஜையிலும் கொட்டியது. வாளி கீபோர்டின் வலது ஓரத்தில் 'டம்' என்று உட்கார்ந்தது.

என்டர் சாவி அந்த ஓரத்தில்தான் இருந்தது.

குச்சியில் பச்சை விளக்கு மினுக்கியது. திரையின் மூலையில் வைஃபை அடையாளம் மெதுவாகத் தலை தூக்கியது.

"வந்துருச்சு மொதலாளி!" என்றாள் பானுப்பிரியா.

"என்னது வந்துருச்சு?" என்று தரையில் உட்கார்ந்தபடி கேட்டார் செல்லச்சாமி. வாய்க்குள்ளும் மணல்.

விஷயம் என்னவென்று தெரிந்ததும் காட்டில் நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அய்யம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பாண்டிச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளையாட்டுக்குக்கூட அந்தச் சொல்லு இங்கன கேக்கக் கூடாதுத்தா. எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு" என்றாள். பானுப்பிரியாவுக்கு முகம் சுண்டிவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். கடைக்கு ஆள் அனுப்பி எல்லாருக்கும் டீயும் வடையும் வரவழைத்தாள். வடை வந்த பிறகுதான் அய்யம்மாளின் முகம் தெளிந்தது.

இன்னும் வைஃபையின் பாஸ்வேர்டு பாக்கி. அது வாட்ச்மேன் ரூமில் மாட்டியிருந்த பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தது. "கத்திச் சொல்லுங்க மாமா" என்று பானுப்பிரியா கேட்டுப் பார்த்தாள். உக்கிரபாண்டி மறுத்துவிட்டார். ரகசியத்தை யாராவது கத்திச் சொல்வார்களா? ஸ்டூல் போட்டு ஏறி நின்று வாசித்துக்கொண்டு, விறைப்பாக நடந்தே ஆபீசுக்கு வந்தார். செல்லச்சாமியை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தினார். பானுப்பிரியாவின் காதருகே குனிந்து ஒவ்வொரு எழுத்தாகக் கிசுகிசுத்தார்.

"அந்த 'ஏ' பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா மாமா?"

உக்கிரபாண்டி யோசித்தார். "கொஞ்சம் பெருசுதான். எனக்கே கண்ணாடி இல்லாமத் தெரிஞ்சுச்சு."

சின்ன எழுத்தைப் போட்டதும் திறந்துகொண்டது.

மதியம் கூட்டம் தொடங்கியபோது செல்லச்சாமி தலையை எவ்வளவு உதறியும் மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது. அதிகாரி ஒவ்வொரு கம்பெனியாகக் கேட்டுக்கொண்டு வந்தார், அவசரத்துக்கு ஆட்களை வெளியேற்றும் பயிற்சி கடைசியாக எப்போது நடந்தது என்று. ஒருவர் பொங்கலுக்கு முன்னால் என்றார். ஒருவர் சட்டென்று மைக்கை அணைத்துவிட்டார்.

"உங்க கம்பெனியில?"

"இன்னைக்குக் காலைல சார்" என்றார் செல்லச்சாமி.

அதிகாரி கண்ணாடியைச் சரி செய்தார். "பரவாயில்லையே! தொழிலாளர்கள்ட்ட முன்கூட்டியே சொல்லிட்டீங்களா?"

"எனக்கே சொல்லல சார்."

"இதுதான் உண்மையான பயிற்சி" என்று அதிகாரி மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "பாருங்க, முதலாளியே தலையில மண்ணோட உட்கார்ந்திருக்காரு." பின்னால் இருந்த போர்மேன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஆல்பினே நேரில் வந்தான். டிரைவர் இனிமேல் தூங்காமல், கம்ப்யூட்டரைப் போட்டதுமே எழுந்துகொள்ளும்படி செய்துவிட்டுக் கிளம்பப் போனான். அய்யம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, அந்தச் சொல்ல மாத்திட்டுப் போங்க."

"அக்கா, அது உலகம் பூராவும் அப்படித்தான். என்னால எப்படி மாத்த முடியும்?"

"உலகத்துக்கு என்னமும் இருந்துட்டுப் போவுது. இங்கன வேண்டாம்."

ஆல்பின் தலையைச் சொறிந்தான். பிறகு உட்கார்ந்து ஏதோ ஒரு வரி அடித்தான். அந்தச் சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லை அடித்தாலும் கம்ப்யூட்டர் கேட்டுக்கொள்ளும்படி செய்யலாமாம். என்ன சொல் வேண்டும் என்று கேட்டான்.

"மரியாதையாக் கேக்கணும். 'அய்யா'ன்னு வச்சிருங்க" என்றாள் அய்யம்மாள்.

அப்படியே வைத்தான். சரியாகக் கேட்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பாண்டிச்செல்வி தானாகவே மரத்தடிக்குப் போய் நின்றாள். ஆபீசைப் பார்த்து முழுத் தொண்டையில் கத்தினாள்.

"அய்யோய்ய்!"

பேக்கிங் செட்டில் யாரும் அசையவில்லை. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த செல்லச்சாமிதான் பதறிக்கொண்டு வெளியே வந்து, "என்னத்தா, யாருக்கு என்ன?" என்று கேட்டார்.