ஆசிரியர்களுக்கு ஒரு டீச்சர்

கல்வராயன் மலையில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் ராதிகா பதினோரு வருடமாக ஆசிரியை. கோடையில் நடந்த ஆசிரியர் பயிற்சியில், மரவள்ளிக் கிழங்கை வெட்டி வெட்டித் தன் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு நடத்தும் விதத்தைச் செய்து காட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் தலைமையாசிரியர் வெங்கடேசன் போனைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் ஓடி வந்தார்.

"டீச்சர், மாவட்டக் கருத்தாளர் பட்டியல்ல உங்க பேரு வந்துகீதுங்க! அடுத்த வாரம் கள்ளக்குறிச்சில நூறு ஆசிரியருங்களுக்கு நீங்கதான் பயிற்சி குடுக்கணும்!"

"இன்னா சார் சொல்றீங்க? நானா?"

முன்வரிசையில் இருந்த ஷாலினி எழுந்து நின்றாள். "டீச்சர், நீங்க டீச்சருங்களுக்கே டீச்சரா?"

வகுப்பே கத்திக் குதித்தது. ராதிகாவும் சேர்ந்து குதித்தாள்.

அந்த நாளும் வந்தது. ராதிகா மைக்கைப் பிடித்து, மரவள்ளிக் கிழங்கை வெட்டிப் பின்னக் கணக்கை விளக்கினாள். மூங்கில்துறைப்பட்டிலிருந்து வந்த மூத்த ஆசிரியர் ஒருவர், "நாப்பது பசங்க இருக்கிற வகுப்புல இது நடக்குமாம்மா?" என்று கேட்டார்.

"நடத்திப் பாத்துடலாம் சார், எல்லாரும் எழுந்திருங்க" என்றாள் ராதிகா. நூறு பேரும் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் குழு குழுவாகத் தரையில் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.