கடவுச்சொல் சரியாகத்தான் இருந்தது

மத்தியானம் இரண்டே முக்காலுக்குக் கடிகாரக் கடையின் திருட்டு அலாரம் அடித்ததும், அலாரம் கம்பெனியின் கண்காணிப்பு அறையில் மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் கடைக்கு ஏற்கெனவே இரண்டு முறை போலீசை வெட்டியாக அலைய வைத்தாயிற்று. இன்னொரு முறை பொய்யானால் அந்த முகவரிக்கு இனி வண்டியே வராது என்று காவல் நிலையத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. அப்புறம் கடைக்காரர் அலாரத்தை வைத்துக்கொண்டு தாளம் போட வேண்டியதுதான்.

அந்த அலாரம் வந்தது சந்தேகராணியின் திரைக்கு. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. ஒரு போன் போதும் என்கிற இடத்தில் இரண்டு போன் போடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? முதலில் பின்கதவு, நாற்பது வினாடி கழித்துப் பழுது பார்க்கும் அறை என்று திரை காட்டியது. குறித்துக்கொண்டு கடைக்குப் போன் போட்டாள். ஓர் ஆண் எடுத்தான்.

"ஓனரோட தம்பிங்க. தெரியாம கை பட்டுடுச்சு."

"பரவாயில்லைங்க. கடவுச்சொல் சொல்லுங்க."

"நீலக் குடை நாப்பத்தேழு."

சரியான சொல். மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா! முடிச்சு விடும்மா," என்றார். கடவுச்சொல் சரியாக இருந்தால் பொய் அலாரம் என்று முடித்துவிட வேண்டும்; கம்பெனி விதியும் அதைத்தான் சொன்னது.

அவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாளே தவிர, முடிக்கவில்லை.

"சார், போன ரெண்டு தடவையும் கடைக்காரர்கிட்ட இதையே கேட்டேன். நீலமா பச்சையான்னு என்கிட்டயே கேட்டார். பதறிப்போய் நிக்கிறவங்களுக்கு அது சட்டுனு வாயில வராது. இவன் பார்த்துப் படிக்கிற மாதிரி சொல்றான்."

"அதுக்காக? போலீசைக் கூப்பிட்டு இதுவும் பொய்யாப் போனா அந்த மனுஷனோட கதி என்ன?"

"அதனாலதான் முதல்ல அவரையே கூப்பிடறேன்."

கடைக்காரரின் கைபேசி அடித்து ஓய்ந்தது. திரையில் இப்போது மூன்றாவது அறையும் சிவந்தது. மேலாளர் உட்கார முடியாமல் எழுந்து நின்றார். அவளோ அவசரமே இல்லாதவள் போல மறுபடி அடித்தாள். இந்த முறை எடுத்தார்.

"கடையில யாராவது இருக்காங்களா ஐயா?"

"யாரு இருப்பா? பூட்டிட்டுக் கண் டாக்டர்கிட்ட வந்திருக்கேன்."

"உங்க தம்பி?"

"எனக்கு ஏதும்மா தம்பி? கூடப் பொறந்தது ரெண்டும் தங்கச்சி!"

"கடவுச்சொல்லை எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"மறந்து மறந்து போகுதேன்னு அலாரப் பெட்டி மேலயே ஒட்டி வச்சிருக்கேன்," என்றவர், சொன்ன பிறகுதான் ஐயோ என்றார்.

"நீங்க மட்டும் அங்க போயிடாதீங்க. நான் பார்த்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போலீசை அழைத்தாள். ஆள் உள்ளே இருக்கிறான், உரிமையாளர் வெளியே இருக்கிறார், நுழைந்தது பின்கதவு வழியாக. மூன்றே வாக்கியம். அந்த நிதானத்தைப் பார்த்து மேலாளர் அசந்து போனார்.

ஐந்து மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. பை நிறையக் கடிகாரங்களோடு இரண்டு பேர் பின்கதவிலேயே மாட்டிக்கொண்டார்களாம். வண்டி வராது என்ற எச்சரிக்கையை ரத்து செய்கிறோம், எப்படி உறுதி செய்தீர்கள் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள் என்றார்கள்.

மேலாளர் எழுத உட்கார்ந்தார். "எங்கள் அலுவலகம் உறுதி செய்தது" என்று எழுதினால் கேட்பார் யாருமில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒருத்தி தன் அறையில் இருக்கிறாளே என்று அதைவிடப் பெருமையாகவும் இருந்தது.

"முடித்துவிடச் சொன்னவன் நான். பணியில் இருந்த பெண் ஊழியர் முடிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.